மூக்கை மட்டும் நம்பாதவர்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மனத்தில் நிற்காது என்பதால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எரிவாயுக் கசிவு. அதைத் தீயணைப்பு வீரர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள், கண்டறிந்தபின் என்ன செய்கிறார்கள், என்ன செய்யாமல் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லப்போகிறேன். நான் அறிவியல் ஆசிரியர்தான். தீயணைப்புத் துறைக்காரன் அல்ல. ஆனாலும் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில் ஏழாம் வகுப்பறைக்குப் பக்கத்திலேயே சத்துணவுச் சமையலறை. கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், கேஸ் வாசம் வருது" என்றாள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே, "சமையல் நடக்குதுல்ல, அப்படித்தான் வரும். உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் இன்னொரு பையனும் சொன்னான். அவனையும் உட்கார வைத்தேன். இருபது நிமிடம் கழித்துச் சமையலர் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. அவர்தான் ரெகுலேட்டரை மூடினார். பிள்ளைகளை வெளியேற்ற வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் என்ன செய்தேன் தெரியுமா? சமையலறைச் சுவரை ஒட்டியிருந்த மின்மணியின் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் வரிசையாக மைதானத்துக்குப் போனார்கள். மணி அடித்த என்னைத் தலைமையாசிரியர் பாராட்டவும் செய்தார். அடுத்த மாதம் ஒத்திகைப் பயிற்சிக்கு வந்த தீயணைப்பு நிலைய அலுவலரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், அன்னிக்கு உங்க பள்ளிக்கூடத்துக்கு நல்ல நேரம்" என்றார். அந்தப் பொத்தானை அழுத்தும்போது உள்ளே ஒரு சிறு பொறி தெறிக்கும். சமையலறைத் தரையில் தேங்கிய வாயு அங்கு வரை பரவியிருந்தால் அந்தப் பொறியே போதும் என்று அவர் விளக்கியபோது எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து நின்றேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே நியூ லண்டன் என்று ஓர் ஊர். 1930களில் அந்தப் பகுதி முழுவதும் எண்ணெய்க் கிணறுகள். அந்த வருமானத்தில் சுமார் பத்து லட்சம் டாலர் செலவில் கட்டிய பெரிய பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. கட்டட வரைபடத்தில் கொதிகலன் வைத்து நீராவியால் அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு இருந்தது. பள்ளிக் குழு அதை விட்டுவிட்டு அறைதோறும் எரிவாயு அடுப்புகளை வைத்தது. மொத்தம் 72 என்கிறார்கள். 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்னொரு சிக்கனமும் செய்தார்கள். காசு கொடுத்து வாங்கி வந்த எரிவாயுவை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஓடிய எண்ணெய் நிறுவனக் குழாயிலிருந்து கழிவு வாயுவை இழுத்துக்கொண்டார்கள். எண்ணெயோடு சேர்ந்து வரும் அந்த வாயுவை நிறுவனங்கள் அப்போது வீணாக எரித்துக்கொண்டிருந்தன. ஊரில் பல வீடுகளும் தேவாலயங்களும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தன, யாரும் தடுக்கவில்லை. மாதம் சுமார் 300 டாலர் மிச்சம்.

இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீத்தேன். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இணைப்பில் எங்கோ கசிந்த வாயு, கட்டடத்தின் தரைக்கு அடியில் நீளமாக இருந்த வெற்றிடத்தில் சேர்ந்துகொண்டே இருந்தது. மேலே வகுப்புகள் நடந்தன. பிள்ளைகள் சில காலமாகத் தலைவலி, தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னலோரச் சிறுமியின் முகம்தான் வந்தது.

1937 மார்ச் 18, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்றேகால் மணி இருக்கும். பள்ளி விடச் சில நிமிடங்களே இருந்தன. பக்கத்துக் கட்டடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தச்சுப் பயிற்சிக் கூடத்தில் ஓர் ஆசிரியர், மரத்தைத் தேய்க்கும் மின் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். தினமும் செய்கிற வேலை. அதில் தெறித்த பொறி காற்றில் கலந்திருந்த வாயுவைப் பற்றவைத்தது. தரைக்கடியில் இருந்தது முழுவதும் வெடித்தது. கட்டடம் மேலே எழும்பிக் கீழே விழுந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு டன் எடையுள்ள ஒரு கான்கிரீட் பாளம் பறந்துபோய்த் தொலைவில் நின்ற காரை நசுக்கியது. கட்டடத்துக்குள் சுமார் 500 மாணவர்களும் 40 ஆசிரியர்களும் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இயந்திரங்களோடு ஓடி வந்து, இரவு முழுவதும் மழையில் இடிபாடுகளை அகற்றினார்கள். அவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள்.

அதற்குமேல் அதைப் பற்றி விவரிக்க எனக்கு மனமில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்தவர்கள் நாம். அங்கும் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ. நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நியூ லண்டன் வெடிப்பு நடந்த சில வாரங்களில் டெக்சாஸ் சட்டமன்றம், எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பின்னர் அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் வீட்டுச் சிலிண்டரில் வரும் அந்த அழுகல் வாடை எரிவாயுவின் வாடை அல்ல. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தின் வாடை. வேதியியல் பாடத்தில் "மணத்துக்காக மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது" என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்தேன். இப்போது அந்த வரி வரும்போது பாடத்தை நிறுத்திவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்கிறேன். வயதுக்குத் தகுந்த அளவில்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டாலும் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

சரி, வாடை வந்துவிட்டது. பிறகென்ன கவலை என்று கேட்கலாம். தீயணைப்பு வீரர்கள் மூக்கை மதிக்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதல் காரணம், மூக்கு களைத்துப்போகும். இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு மாணவனை வெளியே நிறுத்திவிட்டு, வகுப்பறை மூலையில் ஓர் ஊதுபத்தியை ஏற்றுங்கள். பத்து நிமிடம் பாடம் நடத்துங்கள். உள்ளே இருப்பவர்களிடம் "வாசம் வருகிறதா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். வெளியே நின்றவனைக் கூப்பிடுங்கள். வாசலிலேயே "ஊதுபத்தி" என்பான். கசிவு நடக்கும் அறையிலேயே இருப்பவருக்கு வாடை மறைந்துபோவதும் இப்படித்தான். அவர் வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். போனது அவருடைய மோப்பம். இது போதாதென்று சளி பிடித்தவர், வயதானவர், கொரோனாவில் மோப்பம் குறைந்துபோனவர் என்று பலர் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், வாடையைப் பாதை தின்றுவிடும். பூமிக்கடியில் போகும் குழாயில் கசிவு ஏற்பட்டால் வாயு மண்ணுக்குள் பரவி வரும். அப்படி வரும்போது மண் அந்த வாடைப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே வந்து சேரும் மீத்தேன் மீண்டும் மணமற்ற மீத்தேனாகவே வரலாம். இரும்புக் குழாயின் துருவும் வாடையைக் குறைக்கும்.

ஆகவே அவர்கள் அளக்கிறார்கள். அளக்கும் கருவியைப் பற்றிச் சொல்லும்முன் இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 5, 15. காற்றில் மீத்தேன் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீப்பிடிக்காது; எரிபொருள் போதாது. 15 சதவீதத்துக்கு மேலே போனாலும் பிடிக்காது. எரியத் தேவையான ஆக்சிஜன் போதாது. இடைப்பட்ட அளவில்தான் ஆபத்து. சாம்பாரில் உப்பு மாதிரி என்று பிள்ளைகளிடம் சொல்வேன். 15க்கு மேலே இருக்கிறதே, பத்திரம்தானே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். 20 சதவீதம் 14க்கு இறங்கும், 10க்கு இறங்கும். பத்திரமாகத் தெரிந்த அறை நம் கண்ணெதிரே வெடிக்கும் நிலைக்கு வரும். அதனால் வாயு நிறைந்த வீட்டின் கதவைத் திறப்பதற்கே அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் யோசிப்பார்கள்.

அவர்கள் இடுப்பிலோ தோளிலோ மாட்டியிருக்கும் கையடக்கக் கருவி, காற்றில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று நேரடியாகச் சொல்லாது. அந்தக் கீழ் எல்லையான 5 சதவீதத்தை 100 என்று வைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கை எட்டியிருக்கிறது என்று காட்டும். திரையில் 10 என்று வந்தால் காற்றில் அரை சதவீதம் மீத்தேன். பல தீயணைப்புத் துறைகள் அந்த 10ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன. அதைத் தொட்டால் வீரர்களே பின்வாங்குவார்கள். வெடிக்கும் நிலைக்கு இன்னும் பத்து மடங்கு தூரம் இருக்கிறதே, கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று நமக்குத் தோன்றும். வாசலில் 10 காட்டினால் உள்ளறையில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்கச் சட்டம் வாடை விஷயத்தில் கேட்பது என்னவென்றால், கீழ் எல்லையில் ஐந்தில் ஒரு பங்கை வாயு எட்டும்போதாவது சாதாரண மனிதருக்கு அது தெரிய வேண்டும் என்பது. அதாவது கருவிக் கணக்கில் 20. அதற்கு முன்பே, 10லேயே அவர்கள் திரும்பிவிடுகிறார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேல்நிலை வகுப்பில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று நடத்துகிறோமே, பிள்ளைகள் "இது எதுக்கு சார்?" என்று கேட்பார்களே, அதுதான் உள்ளே இருக்கிறது. வினையூக்கி பூசிய ஒரு சிறு மணியைச் சூடாக வைத்திருப்பார்கள். வாயு அதன்மேல் படும்போது கருவிக்குள்ளேயே பத்திரமாக எரியும். மணி இன்னும் சூடாகும், மின்தடை மாறும், சமன் குலையும். குலைந்த அளவே திரையில் எண்ணாக வரும். இங்கே ஒரு சூட்சுமமும் உண்டு. எரிய ஆக்சிஜன் வேண்டும். வாயு மிக அதிகமாகி ஆக்சிஜன் குறைந்த அறையில் அந்த மணியால் ஒழுங்காக எரிக்க முடியாது. ஆகவே கருவி குறைந்த எண்ணைக் காட்டி ஏமாற்றலாம். அதனால்தான் அதே கருவியில் ஆக்சிஜனைக் காட்டும் உணரியும் இருக்கும். வீரர்கள் இரண்டையும் சேர்த்தே படிப்பார்கள். இன்னொன்று, கருவியைத் தூய வெளிக்காற்றில் நின்று இயக்கிப் பூச்சியம் சரிபார்த்த பிறகே கிளம்புவார்கள். கசிவுக்கு நடுவே போய் இயக்கினால் அந்தக் காற்றையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும்.

சரி, அழைப்பு வருகிறது. என்ன செய்கிறார்கள்?

வண்டியைக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்த மாட்டார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தில், தள்ளி நிறுத்துவார்கள். பாதாளச் சாக்கடை மூடியின்மேல் வண்டி நிற்காது. வாயு சாக்கடை வழியாகவும் வரலாம். வீட்டுக்கு முன் வந்தால் அழைப்பு மணியை அழுத்த மாட்டார்கள், கதவைத் தட்டுவார்கள். உள்ளே எரியும் விளக்கை அணைக்கவும் மாட்டார்கள், அணைந்திருப்பதைப் போடவும் மாட்டார்கள். நாம் போடுவதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். அணைக்கும்போதும் சுவிட்சில் பொறி தெறிக்கும். மின்சாரத்தை நிறுத்த வேண்டுமென்றால் வெளியே, வாயு இல்லாத இடத்தில் வைத்து நிறுத்துவார்கள். காற்று வரட்டும் என்று சாதாரண மின்விசிறியைச் சுழல விடும் பேச்சே இல்லை.

அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி "எங்கே கசிகிறது?" என்பதல்ல. "எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா?" என்பது. பிறகுதான் கருவியோடு தேடல். கதவிடுக்கில் வைத்துப் பார்ப்பார்கள். மீத்தேன் காற்றைவிட இலேசானது, ஏறக்குறைய பாதி அடர்த்திதான். ஆகவே கூரையருகே, மாடிப்படி உச்சியில், பொய்க்கூரைக்கு மேலே பார்ப்பார்கள். பக்கத்து வீடுகள், நிலவறைகள், சாக்கடை மூடிகள் எதையும் விட மாட்டார்கள். குழாய் செல்லும் பாதையில் புல் காரணமில்லாமல் கருகியிருந்தால் எரிவாயு நிறுவனத்தார் அதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். வாயு மண்ணில் உள்ள காற்றை வெளியேற்றிவிடுவதால் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது.

வீட்டு மீட்டரருகே உள்ள வால்வைத் தீயணைப்பு வீரர்கள் மூடலாம். கால் சுற்றுத் திருப்பினால் போதும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். மூடியதை அவர்கள் திரும்பத் திறப்பதில்லை, அது எரிவாயு நிறுவனத்தின் வேலை. உள்ளே எந்த அடுப்பின் குமிழ் திறந்து கிடக்கிறதோ யாருக்குத் தெரியும். தெருவில் உள்ள பெரிய குழாயின் வால்வைத் தொடவும் மாட்டார்கள்.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. கசியும் வாயு ஏற்கனவே தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தால், அதை அணைக்க அவசரப்பட மாட்டார்கள். வாயுவை நிறுத்த வழி கிடைக்கும்வரை எரியட்டும் என்று விட்டுவிட்டு, சுற்றியுள்ள சுவர்களின் மேலும் கட்டடங்களின் மேலும் தண்ணீர் அடித்துக் குளிர வைப்பார்கள். எரிகிற வாயு கண்ணுக்குத் தெரிகிறது, அங்கேயே தீர்ந்துபோகிறது. சுடரை அணைத்துவிட்டால் வாயு கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்துபோய் எங்காவது சேரும். தீயணைப்பு வீரர் தீயை அணைக்காமல் நிற்கிறார் என்றால் அதற்கும் ஒரு படிப்பு தேவைப்படுகிறது.

இவ்வளவு தெரிந்தவர்களுக்கும் ஆபத்து விலகிவிடுவதில்லை. 2018 ஜூலை 10, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சன் ப்ரெய்ரி என்ற ஊர். மாலை நேரம். இணையக் கம்பி பதிக்கத் தோண்டிய ஒப்பந்தக்காரர்கள் எரிவாயுக் குழாயை உடைத்துவிட்டார்கள். தன்னார்வத் தீயணைப்புப் படையினர் வந்து, வீடு வீடாக, கடை கடையாகக் கதவைத் தட்டி மக்களை அப்புறப்படுத்தினார்கள். நூறு பேருக்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சந்திப்பே வெடித்துச் சிதறியது. அப்புறப்படுத்தப்பட்ட மக்களில் ஒருவரும் சாகவில்லை. இறந்தவர் ஒருவர்தான்: அந்தப் படையின் கேப்டன். இடிந்த கட்டடங்களில் அவரும் மனைவியும் நடத்திவந்த சொந்தக் கடையும் ஒன்று.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது ஆபத்தாக முடியும். நம் சத்துணவுக் கூடத்தில், வீட்டில் இருக்கும் சிலிண்டர் வாயு மீத்தேன் அல்ல, புரப்பேனும் பியூட்டேனும். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு ஓடி, பள்ளத்தில், வடிகாலில், அலமாரிக்கு அடியில் தேங்கும். மீத்தேனின் கீழ் எல்லை 5 என்றேன். இதற்கு 2 சதவீதம் அளவே போதும். ஆகவே மேலே உள்ள ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. தரைமட்டத்தில் காற்றுப் போக வழி வேண்டும், அதாவது கதவு திறந்திருக்க வேண்டும். நம் சமையற்கூடங்களில் தரையை ஒட்டிக் காற்றோட்டத் துளை இருக்கிறதா என்று திங்கட்கிழமை போனதும் பாருங்கள். இருந்தால், அரிசி மூட்டை அதை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் பள்ளியில் அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அதே நேரம் குழாய்வழி இயற்கை எரிவாயுவும் தமிழகத்தின் நகரங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. காவிரிப் படுகையிலும் ராமநாதபுரத்திலும் அது எடுக்கப்பட்டு நெடுந்தூரக் குழாய்களில் போகிறது. நம் மாணவர்கள் சிலரது வீட்டில் சிலிண்டரும், சிலரது வீட்டில் குழாயும், சிலரது வயலோரத்தில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகையும் இருக்கும். நெடுந்தூரக் குழாய்களில் போகும் வாயுவில் பெரும்பாலும் வாடை சேர்ப்பதில்லை. நகர விநியோகத்துக்குள் நுழையும் இடத்தில்தான் சேர்க்கிறார்கள். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரிப் பகுதியில் நகரம் என்ற கிராமத்தில் அப்படியொரு குழாய் கசிந்தது. விடியற்காலை. ஒரு தேநீர்க் கடையில் அடுப்புப் பற்றவைத்தபோது தீ பரவியதாகச் சொன்னார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாடையை எதிர்பார்த்திருக்கும் மூக்கு அங்கே எந்த உதவியும் செய்திருக்காது. அந்தப் பலகை அருகே தோண்டுவதைப் பார்த்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். சீறும் சத்தமோ, மண்ணிலோ தேங்கிய நீரிலோ குமிழிகளோ கண்டால் அங்கிருந்து விலகி ஓடிவந்து சொல்ல வேண்டும். இதை அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நம்மைவிட்டால் யாரும் இல்லை.

தொலைபேசி எண்கள் உங்களுக்குத் தெரியும்: தீயணைப்புக்கு 101, பொது அவசரத்துக்கு 112, சிலிண்டர் கசிவுக்கு 1906. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கைப்பேசியை வெளியே, தள்ளி வந்தபிறகு எடுங்கள்.

அந்த நிலைய அலுவலர் பிறகு எங்கள் பள்ளிக்கு இரண்டு முறை வந்தார். மின்மணிக்குப் பதில் என்ன செய்வது என்று கேட்டோம். தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிக்கலாமா என்றார் ஒருவர். இரும்பில் இரும்பு மோதினாலும் பொறி வரும் என்று அவர் தலையசைத்தார். கடைசியில் விடை உடற்கல்வி ஆசிரியரின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விசில். இப்போது ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் விசில் தொங்குகிறது. மூன்று நீண்ட ஊதல் என்றால் புத்தகப் பையை எடுக்காமல், எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வர வேண்டும். முதல் வாரம் பையன்கள் ஆளுக்கொருமுறை ஊதிப் பார்த்தார்கள். பிறகு அலுத்துவிட்டது.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். வாடை வருகிறது, தலை வலிக்கிறது, கண் எரிகிறது என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து முகர்ந்து பார்க்க வேண்டும். வெளியே வந்து என்பது முக்கியம், வகுப்புக்குள் இருப்பவரின் மூக்கு களைத்திருக்கலாம். இதனால் பாடம் கெடுகிறது என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு விவாதமே நடந்தது. கணக்குப் பரீட்சை அன்று ஒருவன் மூன்று முறை "வாசம்" என்றான். அவனுக்காகவும் மூன்று முறை போய்ப் பார்த்தேன். பொய் சொல்கிறான் என்று தெரிந்தேதான் போனேன். அவனை உட்கார வைத்தால் நாளைக்கு உண்மையாகவே வாடை பிடிக்கிறவளும் எழுந்திருக்க மாட்டாள்.

முதல் ஒத்திகையில் 312 பிள்ளைகள் மைதானத்துக்கு வர நான்கு நிமிடம் பத்து நொடி ஆனது. எங்களுக்கு மகிழ்ச்சி. நிலைய அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "எல்லாரும் வந்துட்டாங்களா சார்?" என்றார். எண்ணினோம். இரண்டு பேர் குறைந்தார்கள். யார் என்று சொல்ல முடியவில்லை, வருகைப் பதிவேடுகள் வகுப்பறையிலேயே கிடந்தன. ஐந்து நிமிடம் தேடிய பிறகு, தட்டு கழுவப்போன இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சமையற்கூடத்தின் பின்பக்கக் குழாயடியிலிருந்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல், ஈரக் கையோடு நடந்து வந்தார்கள்.

இப்போது பதிவேடு விசிலுக்குப் பக்கத்திலேயே, அதே ஆணியில் தொங்குகிறது. குழாயடிக்கும் ஒரு விசில் வாங்கிவிட்டோம்.